மீட்டர் சாமியின் முள்

வடக்குப்பட்டு ரேஷன் கடைக்கு எதிரே போட்ட பந்தலில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே கால் வைக்க இடமில்லை. மண்ணெண்ணெய் வாங்கக்கூட அந்த ஊர் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதில்லை. மீட்டர் சாமி வந்திருந்தார்!

மற்ற சாமியார்கள் வேப்பிலை அடித்துப் பேயை ஓட்டுவார்கள். இவர் பேயை அளந்தே காட்டுவார். 1991 அல்லவா, விஞ்ஞான யுகம். சிவப்புப் பட்டு சுற்றிய பெட்டி. அதன் கண்ணாடிக்குள் ஒரு முள். பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள். கைக்கு ஒரு கம்பியாகப் பிடிக்க வேண்டும். முள் நகர்ந்தால் பேய் இருக்கிறது, பரிகாரத் தகடு வாங்க வேண்டும். நகராவிட்டால் பேய் இல்லை, இனிமேல் வராமலிருக்கத் தகடு வாங்க வேண்டும்.

அம்சவல்லியை அவள் மாமியார் ராஜம்மா இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம். மறைமலை நகரில் ரேடியோ செய்யும் கம்பெனியில் அம்சவல்லிக்கு வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவள் வாங்கிய டிவி பத்து நாளாக இருண்டு கிடந்தது. மருமகள் மேல் ஏறிய பேய்தான் காரணம் என்று ராஜம்மா சாமியிடம் முறையிட்டாள். புருஷன் தசரதன் அம்மாவையும் பெண்டாட்டியையும் பார்க்காமல் பந்தல் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் ராஜம்மா. சாமி அவள் உள்ளங்கைகளில் விபூதியை அப்பித் தேய்த்தார். முள் அசையவில்லை.

"சுத்தமான ஆத்மா!" என்றார்.

அடுத்து அம்சவல்லி. "கைய மஞ்சத் தண்ணில முக்கும்மா."

முக்கினாள். கம்பியைப் பிடித்ததும் முள் துள்ளியது. கூட்டம் 'ஹா' என்றது.

"கம்பெனில செத்துப்போனவ ஒருத்தி. பஸ்ல இவகூடவே குந்திகினு வந்துட்டா. இவ வேலைய விட்டாதான் டிவில உசுரு வரும்!"

பேய் டிக்கெட் எடுத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நாளைலேர்ந்து நீ வேலைக்குப் போவாதே" என்றாள் ராஜம்மா, அங்கேயே.

அம்சவல்லி கம்பிகளைக் கீழே வைத்தாள். அந்த வேலைக்காக அவள் அப்பன் வீட்டில் மூன்று நாள் பட்டினி கிடந்து அனுமதி வாங்கியவள். கண் கலங்கக் குனிந்தபோதுதான் பட்டுத் துணியின் ஓரம் விலகியிருந்தது தெரிந்தது. உள்ளே ஒரு வட்டத் திருகு. சிவப்புக் கம்பிக்கு ஒரு துளை, கறுப்புக் கம்பிக்கு ஒரு துளை. தினமும் காலையில் அவள் மேஜை மேல் உட்கார்ந்திருக்கும், கரண்டு ஓடுகிறதா என்று பார்க்கும் அதே மல்டிமீட்டர்! வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் கத்தியது காதில் விழுந்தது: 'ஈரக் கையோட தொடாதே, அளவு தப்பாக் காட்டும்.'

அழுகை போய்ச் சிரிப்பு வந்தது.

"சாமி, இன்னொரு வாட்டி பாக்கலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் கையை முந்தானையில் துடைத்தாள். விபூதியை அள்ளித் தேய்த்தாள். கம்பியைப் பிடித்தாள். முள் படுத்துத் தூங்கியது.

"பாத்தீங்களா! என் பார்வை பட்டதும் பேய் ஓடிப்போச்சு!" என்றார் சாமி. சாமர்த்தியத்துக்குக் குறைச்சலில்லை.

"அப்பிடியா? எங்க ஓடிச்சின்னு தேடிப்பாப்போம்."

அவர் கையைப் பிடித்து மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கம்பிகளைத் திணித்தாள். முள் விழுந்தடித்து ஓடியது.

"ஐயையோ, சாமி மேலயே ஏறிகீது!" என்றான் ஒருவன். கூட்டம் குலுங்கியது.

"அத்தே, நீங்களும் கைய நனைங்க."

ராஜம்மா நனைத்தாள். முள் துள்ளியது. "இன்னாடி இது! இப்பத்தானே சுத்தமான ஆத்மான்னான்?"

கடைசியாக இரண்டு கம்பிகளையும் மஞ்சள் தண்ணீர் அண்டாவுக்குள்ளேயே விட்டாள். அண்டாவுக்கும் பேய் பிடித்திருந்தது.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பெட்டிக்குள்ள பேட்டரி கீது. ஈரத்துல அதோட கரண்டு ஓடும், முள்ளு நகரும். விபூதி பூசிக் காஞ்ச கைல ஓடாது. தண்ணில உப்பு கலந்தா இன்னும் நல்லா நகரும்." விரலை நக்கிப் பார்த்தாள். "கலந்துதான் கீது."

மீட்டரோடு அவள் வீட்டுக்கு நடந்தாள். ஊரே பின்னால் வந்தது. சாமி நழுவிவிடாதபடி அவர் தோளில் கைபோட்டுத் தசரதன் கூட்டிவந்தான். ஆறு மாதத்தில் அவன் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, டிவியின் முதுகைத் திறந்தாள். பிளக்கிலிருந்து டிவிக்குள் போவது இரண்டு ஒயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் மீட்டரின் ஒரு கம்பி, மறு முனையில் இன்னொன்று. முதல் ஒயருக்கு முள் நகர்ந்தது. இரண்டாவதுக்கு நகரவே இல்லை.

"உள்ள எங்கியோ அறுந்துகீது." ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். பீரோவுக்குப் பின்னால் எலி கடித்த இடம் பல்லைக் காட்டியது. வெட்டி முறுக்கி, டேப் சுற்றி, முதுகை மூடி, பிளக்கைச் சொருகினாள்.

படம் வந்தது. யாரோ ஒருவர் நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஊர் அதை வாயைப் பிளந்து பார்த்தது. விற்ற தகடுகளுக்கெல்லாம் வாங்கியவர்கள் சாமியின் மடியைப் பிடித்துப் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

"இது நல்ல மீட்டரு, சாமி. ரேடியோ ரிப்பேர் கத்துக்கோ, கௌரவமாப் பொழைக்கலாம்" என்று பெட்டியை அவரிடமே கொடுத்தாள். ராஜம்மா மருமகளைப் பார்த்து, "நாளிக்கு இன்னா ஷிப்ட்?" என்றாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் நாட்டுக்கு நல்ல காலம். அடுத்த ஞாயிறு அம்சவல்லி கதவைத் திறந்தபோது வாசலில் முப்பது பேர். கையில் ஓடாத ரேடியோ, எரியாத டார்ச், தட்டில் கற்பூரம். "மீட்டர் அம்மா, நீதான் காப்பாத்தணும்!" என்று ஒரு பெரியவர் காலில் விழுந்தார்.

அவள் குனிந்து கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"எழுந்திருங்க பெரியவரே. மொதல்ல டார்ச்சுல பேட்டரி கீதான்னு பாருங்க. அப்புறம் உங்க மண்டைய கொஞ்சம் ஓட்டிப் பாருங்க, அதுக்குக் கரண்டு பில்லு வராது."