கட்டைவிரல் விஷயமாக மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் தையல் மேஜையிலிருந்து எழுதுவது. இங்கே இரண்டு மெஷின்களும் சௌக்கியம், இஸ்திரிப் பெட்டி சௌக்கியம், நான் மட்டும் சௌக்கியமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மாமியாரும் சுகம்தான். கோபித்துக்கொண்டு பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியவள் நான் போன் செய்தால் கட் பண்ணுகிற வேகத்திலேயே ஆரோக்கியம் தெரிகிறது. அவளை எப்படியாவது சமாதானப்படுத்தி அனுப்பி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் நீங்கள் கேட்டாக வேண்டும், ஏனென்றால் இதை ஆரம்பித்து வைத்தவரே நீங்கள்தான்.

குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். போன தடவை வந்தபோது, "சும்மா கடையில மாட்டி வைங்க மாமா" என்று சீன அக்குபிரஷர் படம் ஒன்றைக் கொடுத்தீர்கள். அதில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு மனிதர் துளிக் கவலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். தலைவலிக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, குமட்டலுக்கு மணிக்கட்டு மடிப்பிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, வயிற்று மந்தத்துக்கு முழங்காலுக்குக் கீழே மூன்று அங்குலம் என்று எழுதியிருந்தது. அங்குலம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. கழுத்தில் டேப், பாக்கெட்டில் நீலச் சாக், எதிரே தினமும் வந்து அசையாமல் நிற்கிற ஆட்கள். இந்த வைத்தியத்துக்கென்றே பிறந்தவன் நான் என்று தோன்றிவிட்டது.

முதலில் எங்கள் கடையில் பட்டன் தைக்கிற அக்காவுக்குத் தலைவலி. கையைப் பிடித்து நன்றாக ஓர் அழுத்து அழுத்தினேன். "போயிடுச்சுண்ணே, விட்டுடுங்க" என்றார். போயிடுச்சு என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அடுத்து பேங்க் மேனேஜர் பேண்ட் தைக்க வந்தவர், வந்த இடத்தில் ஓர் ஏப்பம் விட்டார். விடுவேனா. முழங்காலுக்குக் கீழே டேப் வைத்து, சாக்கால் பெருக்கல் அடையாளம் போட்டு, கத்தரிக்கோல் கைப்பிடியால் அமுக்கினேன். மனிதர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். வந்த வேலையும் கெடக் கூடாதே என்று அதே நிலையில் அளவையும் எடுத்துவிட்டேன். பேண்ட்டைப் போட்டுப் பார்த்தவர் போனில், "எந்தக் கால் சரியான காலுன்னு மட்டும் சொல்லுங்க, இன்னொண்ணை நானே மடிச்சுக்கிறேன்" என்றார். பிறகு மாடியிலிருக்கும் வீட்டுக்காரருக்கு விக்கல். அழுத்தம் விடாமல் இருக்கட்டும் என்று இரண்டு காதிலும் துணி உலர்த்துகிற கிளிப்பை மாட்டிவிட்டேன். விக்கல் நின்றது உண்மை. என்னைத் திட்ட மூச்சு தேவைப்பட்டதால் நின்றது என்பாள் உங்கள் மாமியார். அவர் கிளிப்பை மறந்து, மகனுக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டாரோடு போனில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை பேருக்குப் பார்த்தும் உங்கள் மாமியார் மட்டும் என்னிடம் கையை நீட்டியதே இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுகிற வேலை முடிந்து வந்தால் தினமும் தலைவலி. ஆனாலும், "ஊரையே பாருங்க, என்னை ஆளை விடுங்க" என்பாள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது, முகத்தில் நெற்றி, புருவம், மூக்கோரம் எல்லாம் மெதுவாக அளந்து அடையாளம் மட்டும் போட்டு வைத்தேன். எழுந்ததும் கேட்டுக்கொண்டு அமுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கடையில் ஆள் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அவள் நேரமாகிவிட்டதென்று எழுந்து அப்படியே வேலைக்கு ஓடியிருக்கிறாள். கண்ணாடி பார்த்திருப்பாளே என்பீர்கள். வீட்டுக் கண்ணாடியை நான்தான் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன், வருகிறவர்கள் தங்கள் புள்ளியைத் தாங்களே பார்க்கட்டும் என்று. அங்கே பல் பிடுங்க வந்த ஒருவர் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கெங்க ஓட்டை போடணும்னு முதல்லயே மார்க் பண்ணிடுவீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாராம். பின்னாலேயே பாதி வரிசையும் எழுந்து போய்விட்டது. டாக்டர் இவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அவள் நேராகக் கடைக்கு வந்து, கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள்.

அவள் போன பிறகுதான் படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். இந்த வைத்தியத்தில் அங்குலம் என்றால் டேப்பில் உள்ள அங்குலம் இல்லையாம். யாருக்கு வலியோ அவருடைய கட்டைவிரல் அகலம்தான் அங்குலமாம். ஆளுக்கு ஆள் அங்குலம் மாறினால் ஒரு டெய்லர் எதை நம்பிப் பிழைப்பது? நான் அமுக்கியதெல்லாம் வேறெங்கோ. யாருக்கும் வராத எந்த வியாதியைக் குணப்படுத்தினேனோ தெரியவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாப்பிள்ளை, அவளில்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஊசியில் நூல் கோக்கக்கூட மனசு வரவில்லை. இனிமேல் யாரையும் எந்த இடத்திலும் அமுக்க மாட்டேன், இது சத்தியம். படத்தைச் சுருட்டி இந்தக் கடிதத்தோடு உங்களுக்கே அனுப்புகிறேன். நீங்கள் நிதானமானவர், இந்த மாதிரிக் கிறுக்கு எதுவும் இல்லாதவர். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
டேப்பும் கையுமாகத் தனியே இருக்கும் உங்கள் மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்று உங்கள் மாமியார் இறங்கினாள். நான் படத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். "அதை ஏன் சுருட்டினீங்க, மாட்டுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களாவது டேப் வெச்சு அளக்குறீங்க. மாப்பிள்ளை கரண்டிக் காம்பை வெச்சுக்கிட்டு குத்துமதிப்பா அமுக்குறாரு. ஒரு தும்மல் போட்டா போதும், கரண்டியோட வந்து நிக்கிறாரு" என்றாள். உங்களிடமும் அந்தப் படம் ஒன்று இருக்கிறது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை. பிறகு, வந்த களைப்பில் தலை வலிக்கிறது என்று தானாகவே கையை நீட்டினாள். அவள் கட்டைவிரலை வைத்தே அளந்து, மெதுவாகப் பிடித்துவிட்டேன். "தேவலை" என்றாள். தலைவலியைச் சொன்னாளா, உங்களைவிட நான் தேவலை என்றாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே படம் வராது, சத்தியமும் வாபஸ்.

இன்னொரு விஷயம். அவள் பின்னாலேயே என் மகளும் இரண்டு பெட்டியோடு இறங்கியிருக்கிறாள். இப்போதைக்குத் திரும்பி வருகிற உத்தேசமில்லை என்கிறாள். அவளை அனுப்பச் சொல்லி நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். புதிதாக யோசித்துச் சிரமப்பட வேண்டாம், இதையே பார்த்து எழுதுங்கள். மாப்பிள்ளை என்கிற இடத்திலெல்லாம் மாமா என்றும், டேப் என்கிற இடத்தில் கரண்டி என்றும் மாற்றிக்கொண்டால் போதும்.