பதினாறு பல் சூடிய படலம்

வாழ்க எண்பதாம் வேகத்தின் ஏகநாயகன்! கால் பவருக்கும் அரைப் பவருக்கும் நடுவே கிடக்கும் கடுகளவு வேற்றுமையைக் கண்டறிந்து ஊராருக்கு ஒளி வழங்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், நூற்றைம்பது சிசி இரும்புப் புரவியின் தனிப்பெரும் பாகன், ஐந்தே கியர் உள்ள வண்டியில் ஆறாவது கியர் ஒன்று ஒளிந்திருக்குமோ என்று மூன்றாண்டுகளாகக் கால்விரலால் தட்டித் தேடிவரும் தளராத் தவத்தோன், வாழ்க! ஞாயிறு காலை அவன் நிகழ்த்திய பெரும்போரை, ஒரு பல் கூட்டாமல், ஒரு பல் குறைக்காமல், நடந்தது நடந்தபடி உரைக்கிறேன். கூட்டிச் சொல்லும் பழக்கம் என் பரம்பரையிலேயே கிடையாது.

போருக்குக் காரணம் ஒரு பாதம். நாயகனின் இல்லத்தரசி பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்புகளை ஆள்பவள். வாரத்தில் ஆறு நாளும் அவன் கடையில், அவள் அலுவலகத்தில். அவள் கை அவன் தோளில் படுவதும், தலைமையாசிரியரைப் பற்றிய வம்பு அவன் காதில் விழுவதும், ஞாயிறுதோறும் அறுபது கிலோமீட்டர் நெடுஞ்சாலையைக் கடந்து அவள் தாய்வீடு செல்லும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். அந்தப் பொன்னான நேரத்தில் மண் விழுந்தது. வேகமுள் எண்பதைத் தொட்ட கணம், எஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று சுழன்று, சினங்கொண்ட தேனீப் பெரும்படையென நடுக்கத்தைக் கிளப்ப, அப்படை அவளது இடது உள்ளங்காலில் பாசறை அமைத்தது. சென்ற வாரம் இறங்கியதும், செருப்பைக் கழற்றிக் காலை உதறியபடி அவள் அறிவித்தாள்:

"இன்னொரு தடவ கால் இப்படி மரத்துப்போச்சுன்னா, நான் அண்ணன் கார்லயே வந்துக்கிறேன்."

அவளுடைய அண்ணன், குளிர்காற்றுக் காரின் கோமகன், வாசலிலேயே நின்றிருந்தான். ஞாயிறுதோறும் அதே ஊரிலிருந்து அதே வீட்டுக்கு வருபவன் அவன். பின்னிருக்கை காலியாக வருபவன். "ஏன் மாப்ள, வண்டி ஓட்டுறீங்களா, மாவு அரைக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டான். கேட்ட இடத்திலேயே சபதம் பிறந்தது: எண்பதிலும் எஞ்சின் ஐயாயிரம் சுற்றைத் தாண்டாது, தாண்டினால் நான் கண்ணாடி விற்பவன் அல்லன்.

லென்ஸ் வரும் உறையின் பின்புறத்தில் மூன்று நாள் கணக்குப் போட்டு, நான்காம் நாள் அவன் மெக்கானிக்கின் பட்டறை புகுந்தான். எஞ்சின் பக்கம் சங்கிலியை இழுக்கும் பதினான்கு பல் சக்கரத்தைக் கழற்றிப் பதினாறு பல் சக்கரம் பூட்டினால், அதே எண்பதுக்கு நாலாயிரத்து எண்ணூறு சுற்றே போதும் என்று அவன் பேருரை ஆற்ற, கிரீஸ் படிந்த கையால் காதைச் சொறிந்தபடி கேட்ட மெக்கானிக், "சத்தம் குறையும் சார். இழுவையும் குறையும். ஏத்தத்துல அழும்," என்றார். நாயகன் நகைத்தான். கோழைகளின் மொழி அவன் செவியில் ஏறாது. புதிய சக்கரம் பூட்டி, சங்கிலியில் இரண்டு கண்ணி கூட்டி, பழைய சாமான் டப்பாவில் எதையோ துழாவி எடுத்து, வண்டியின் பின்புறம் குனிந்து நாலு தட்டுத் தட்டி மெக்கானிக் வேலையை முடித்தபோது, நாயகன் உறையின் மறுபக்கக் கணக்கில் மூழ்கியிருந்தான்.

விடிந்தது ஞாயிறு. முதல் இருபது கிலோமீட்டர் வெற்றிப் பவனி. வேகமுள் எண்பதில், சுற்றுமுள் நாலாயிரத்து எண்ணூறில், சொன்ன சொல் தவறாத சான்றோனென அசையாது நின்றது. களிப்பு மிகுந்த நாயகன், கடையில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக் கேட்கும் அதே குரலில், தோளுக்கு மேல் வினவினான்: "இப்ப எப்படி? இது நல்லாருக்கா, முன்னாடி இருந்தது நல்லாருக்கா?" அவள், "ரோட்டப் பாருங்க," என்றாள்.

அப்போது எழுந்தது எதிர்க்காற்று. லாரிகளின் தார்ப்பாயைக் கிழித்து, குப்பைக் காகிதங்களைக் கொடியாக ஏந்தி, கரியும் பரியும் இல்லாமலே காலாட்படையாக வந்து அவன் நெஞ்சில் மோதியது. அதற்குத் துணையாக, ரயில் பாதைக்கு மேலே வானளாவி நின்றது ஒரு மேம்பாலம். எண்பது எழுபதாயிற்று, எழுபது அறுபதாயிற்று, ஐம்பத்தைந்தில் இரும்புப் புரவி இருமியது. நான்காம் கியருக்கு இறங்கினால் சுற்று ஏறும். ஏறினால் சபதம் சாயும். ஆகவே இறங்கேன் என்று பல்லைக் கடித்தான், பதினாறு பல்லுக்குத் துணையாகத் தன் முப்பத்திரண்டையும் சேர்த்து. மெத்தை ஏற்றிய லாரி அவனைக் கடந்தது. தண்ணீர்க் கேன் ஏற்றிய மினி வேன் கடந்தது. பின்பு, ஓசையே இன்றி, அண்ணனின் கார் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கியது.

"என்ன மாப்ள, பெட்ரோல் இருக்கா?"

கண்ணாடி ஏறியது. கார் போயிற்று. தோளில் ஒரு கிள்ளு விழுந்தது. "கியர மாத்துங்க," என்றாள் அவள், அதிகம் சத்தமில்லாமல்.

நான்காம் கியர் விழுந்தது. எஞ்சின் கர்ஜித்தது, புரவி நிமிர்ந்தது, பாலம் பணிந்தது. காற்று மட்டும் பணியவில்லை. ஆகையால் மிச்சமிருந்த வழியெல்லாம் நான்காம் கியரே கதி. எண்பது கிடைத்தது. சுற்றுமுள் காட்டியதோ ஐயாயிரத்து எழுநூறு, அதாவது பழைய பதினான்கு பல்லைவிட இருநூறு கூடுதல். ஊருக்கே பார்வை விற்ற அந்த மாவீரன், தன் வாழ்நாளில் பார்க்க மறுத்த ஒரே பொருள் அந்த முள்.

தாய்வீட்டு வாசலில் அண்ணன் காத்திருந்தான். காரின் பின்கதவை, காற்றோட்டத்துக்காகத் திறப்பவன்போல், அகலத் திறந்து வைத்திருந்தான். வண்டி நின்றது. அவள் இறங்கினாள். இருபெரும் ஆடவரின் விழிகளும் அவளது இடது பாதத்தின்மேல் குவிந்தன. அவள் விரல்களை மடக்கினாள், நீட்டினாள், தரையில் ஒருமுறை ஊன்றிப் பார்த்தாள்.

"மரக்கல," என்றாள். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "போகும்போதும் இதுலயே போலாம்," என்றாள்.

காரின் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. நாயகனின் மார்பு சட்டைப் பொத்தான்களைச் சோதித்தது. "பதினாறு பல்லு, மச்சான்," என்ற அவன் முழக்கத்தில் அந்தத் தெருவே அதிர்ந்தது. அடங்கிற்று அகந்தைக் கார். கணிதம் வென்றது, கற்பனைக்கெட்டா நுண்பொறியியல் வென்றது. இனி எண்திசை நெடுஞ்சாலைகளும் அவன் பற்சக்கரப் புகழையே பாடிக் கிடக்கும்.

பின்னால் அவள் கால் வைக்கும் இடது ஃபுட்ரெஸ்டில் ரப்பர் இல்லாமல் இருந்தது, மெக்கானிக் ஒன்று மாட்டிவிட்டிருந்தார்.