ஹார்கிரீவ்ஸின் மீசையும் ரொவீனாவின் படிப்பும்

ஹாலிஃபாக்ஸ்,
செவ்வாய்க்கிழமை

என் மரியாதைக்குரிய வினிஃபிரெட் அக்காவுக்கு, உன் தம்பி கிளிஃபோர்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், வீட்டுக்காரி ஹேசல், முடிதிருத்தும் கடை எல்லாம் சுகம். அந்தக் கடற்கரைக் காற்றில் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

விஷயம் உன் மருமகளைப் பற்றியது. ரொவீனா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தையும் ஆங்கில மொழியையும் சேர்த்துத்தானே படிக்கிறாள்? கடைசி ஆண்டுக்கு இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள். நான் இலக்கியம் என்றேன். என் மகள் இலக்கியம் படிக்கிறாள் என்று சொன்னால் கடையில் ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள், பின்கழுத்தில் வெட்ட எனக்கும் வசதி. மொழி என்றால், பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டுதானே இருக்கிறாள், அதற்கு எதற்குப் படிப்பு என்பார்கள்.

அவளோ மொழிப் பக்கம் சாய்ந்து, போன சனிக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு கடைக்கு வந்து, அதைச் சீப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். சொல்லின் தலையில் வரும் 'ஹ'வை நம் ஊர்க்காரர்கள் விழுங்கிவிடுகிறோமாம், அதை ஆராய வேண்டுமாம். கருவியைக் கண்டதும் கடையே மாறிப்போனது. குதிரைப் பந்தயத்துக்காகக் கத்துகிறவர்களெல்லாம் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி, பிற்பகலில் மழைக்கு வாய்ப்பிருப்பதாக ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள். "அப்பா, எப்பவும் பேசற மாதிரி பேசுங்கப்பா" என்று கெஞ்சினாள். பேராசிரியர் கேட்கப்போகும் பதிவில் பெற்ற தகப்பனே விழுங்கலாமா? அப்போது பார்த்து, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஹார்கிரீவ்ஸ் மீசையை ஒதுக்க உட்கார்ந்தார். "வாருங்கள், ஹார்கிரீவ்ஸ் அவர்களே" என்று அந்த 'ஹ'வை அடிவயிற்றிலிருந்து ஊதினேன் பார், கையிலிருந்த மெஷினும் கூடவே எகிறி, இடது பக்க மீசை அவர் மடியில் விழுந்துவிட்டது.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடேய் கிளிஃப், மீசைய ஒதுக்கச் சொன்னா மூஞ்சியவே திருத்துறியா? ஒன் கையில கத்தரியக் குடுத்தவன ஒதைக்கணும்டா."

மருந்துக்குக்கூட ஒரு 'ஹ' இல்லை. ரொவீனாவின் முகத்தில் விளக்கேற்றியது மாதிரி ஆகிவிட்டது. "நிறுத்தாதீங்க மாமா" என்றாள். அவர் மிச்ச மீசையையும் எடுக்கச் சொல்லிவிட்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பேச்சை ஊரறியப் பதிவு பண்ணி என் மானத்தை வாங்கப் போகிறாயா என்று கேட்டேன். அவள் முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க வெக்கப்படற பேச்சத்தாம்பா நான் படிக்கப்போறேன். அதுல தப்பே இல்லப்பா."

அக்கா, என் தட்டிலிருந்த பெரிய உருளைக்கிழங்கை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அந்தக் கணத்திலிருந்து நான் மொழிக் கட்சி. கடையில் எல்லோரிடமும் இலக்கியம் வீண் என்று எடுத்துச்சொல்லிவிட்டேன், இரண்டு பேர் வாதாடினார்கள், அவர்களுக்குக் கிருதாவைக் குறைத்துவிட்டேன். நீயும் வியாழக்கிழமை போன் பண்ணி, மொழியையே எடு என்று ரொவீனாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. உன் பேச்சைத்தான் அவள் கேட்பாள்.

உன் முழங்காலை ஹேசல் தனியாக விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். நல்ல வெயிலும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும்.

அன்புத் தம்பி,
கிளிஃபோர்டு

பின்குறிப்பு: போன் பண்ணாதே. இப்போதுதான் வந்து சொல்கிறாள், இலக்கியத்தை எடுத்துவிட்டாளாம். மீசைக்கு மன்னிப்புக் கேட்க இன்று கேக்கும் கருவியுமாக ஹார்கிரீவ்ஸ் வீட்டுக்குப் போனவள், எதற்காக அந்த மீசை என்று கேட்டிருக்கிறாள். இத்தனை வருடம் வெட்டுகிறேன், எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. கடைசிக் காலத்தில் பார்வை போன அவர் மனைவி ஐவி, மீசையைத் தடவிப் பார்த்துத்தான் வந்திருப்பது இவர் என்று தெரிந்துகொள்வாளாம். அவள் இறந்த பிறகும் எடுக்க இவருக்கு மனம் வரவில்லையாம். மறுபடி வளர்க்கிறார். இதையெல்லாம் சொல்லும்போது 'ஹ'வை விழுங்கினாரா என்று கேட்டேன். கதை கேட்டதில் கருவியைப் போடவே மறந்துவிட்டாளாம், கவனிக்கவும் இல்லையாம்.