நகலைத் திருத்திய நெல்

ஒரு காட்டில் அதிகாரிகள் அதிகம், அரிசி குறைவு. அங்கே வடிவு என்ற அணில் வேலியோரம் கையகல நிலத்தில் நெல் போட்டிருந்தாள். வருஷம் முழுக்க அவள் குஞ்சுகளின் வயிறு அந்த நெல்லை நம்பித்தான் இருந்தது.

ஐப்பசி அடைமழையோடு குலைநோய்ப் பூஞ்சாணம் வந்து சேர்ந்தது. இலையெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி. பக்கத்து வயல் முயல் கோதண்டத்தின் பயிர் கருகிப் படுத்துவிட்டது. "முருகா, நீதான் கண் பார்க்கணும்" என்று வடிவு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதே வடிவு" என்றது நெல். "எங்க இலைக்குள்ள, பச்சையம் காய்ச்சுற அறையில, மூல ஏடு ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்து நகல் எடுத்துத்தான் வேலை நடக்கும். மூலத்துல கை வைக்க மாட்டோம். நோய் வந்தா நகல்ல மட்டும் அங்கங்கே ஓர் எழுத்தை மாத்திக்குவோம்."

"ஐயோ, அது தப்பில்லையா?"

"மழைக்கு உப்பு நமத்துப்போனா நீ ஒரு கல்லு கூடுதலாப் போடுறதில்லையா?"

நெல் மாற்றிக்கொண்டது. நிமிர்ந்தது. கதிரில் பாலும் பிடித்தது.

அதுவரை எட்டிப் பார்க்காத பயிர்ச் சரிபார்ப்புத் துறை நரி ஐயா உடனே வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கருவி. நெல்மேல் வைத்ததும் கருவி கீக்கீ என்று கத்தியது.

"என்னம்மா இது? நகல் மூலத்தோட ஒத்துவரல. போலி நெல்!"

"நோய் வந்ததுங்க ஐயா. திருத்தலேன்னா செத்திருக்கும்."

"சாகட்டுமே! கோதண்டம் பயிரைப் பாரு, எவ்வளவு ஒழுங்கா செத்திருக்கு! ஓர் எழுத்து மாறியிருக்கா?"

கோதண்டத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். பசி மயக்கத்தில் அவனுக்குக் கைதட்டல்கூடச் சரியாகக் காதில் விழவில்லை. வடிவின் நெல்லை வேரோடு பிடுங்கித் தீயில் போட்டார்கள். பூஞ்சாணத்தை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் நிவாரணக் கஞ்சி ஊற்றினார்கள். குஞ்சுகளோடு வடிவு வரிசையில் நின்றாள். பின்னால் சால்வையும் தானுமாகக் கோதண்டம். 'தலைக்கு ஒரு படி' என்று சிங்க ராஜாவின் ஆணை கல்லில் வெட்டியிருந்தது. நரி ஐயா கையிலிருந்த நகலில் 'தலைக்கு அரைப்படி'. மீதி போன இடம் அவர் தொந்தியைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஐயா, இந்த நகலும் ஒத்துவரலீங்களே?" வடிவு மெல்லக் கேட்டாள்.

"இது திருத்தம் இல்லம்மா, சுற்றறிக்கை."

"அந்தக் கருவியைக் கொஞ்சம் இதுமேல வச்சுப் பாருங்களேன்" என்றான் கோதண்டம்.

"அது நெல்லுக்கு மட்டும்தான். நகருங்க, நகருங்க!"

வடிவு கஞ்சியைக் குஞ்சுகளுக்குப் பகிர்ந்துவிட்டு, தொன்னையை நக்கினாள்.

நீதி: உயிர் தப்ப ஓர் எழுத்தை மாற்றினால் குற்றம்; அடுத்தவர் கஞ்சியில் பாதியை மாற்றினால் நிர்வாகம். ஆகையால் குழந்தைகளே, நோய் வந்தால் எழுத்துப் பிசகாமல் செத்துப்போங்கள். சால்வை நிச்சயம்.