வலி ஒழிப்பில் அப்பாவின் பங்கு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு அடுத்தபடியாக எங்கள் மருத்துவமனை 'ஊன்றுகோல்' செயலியைக் கண்டுபிடித்தது. நடுவில் நடந்தவை எல்லாம் சில்லறை விஷயங்கள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களுக்கு வலி என்று ஒன்று இருந்துவந்ததல்லவா? அதை நாங்கள் மூன்றே மாதங்களில் ஒழித்தோம். எங்கள் கணக்குப்படி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு வலியே இல்லை. மீதி நான்கு பேர் கடவுச்சொல்லை மறந்தவர்கள்.

இந்தச் சாதனையில் அடியேனுக்கும் பங்குண்டு. நான் அங்கே 'டிஜிட்டல் நலப் பிரிவின்' தலைவன். ஆரம்பத்தில் பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் தலைமைக்குப் போட்டி இருக்கவில்லை.

அதற்கு முன்பு நாங்கள் காட்டுமிராண்டிகளாக வாழ்ந்தோம். பிசியோதெரபி அம்மா ஒருவர் நோயாளிகளின் வீட்டுக்கே நேரில் போவார். காலைக் கையால் தொட்டுப் பார்ப்பார். தோளைக் கொடுத்து நடக்க வைப்பார். "வலிக்குதா?" என்று வாயாலேயே கேட்பார். இந்த அவலத்துக்கு முடிவு கட்ட இயக்குநர் ஒரு கூட்டம் கூட்டினார்.

"அந்தம்மா ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்குறாங்க?"

"அஞ்சு பேர் சார்."

"நம்ம ஆப்?"

"ஐயாயிரம் பேரை ஒரே நேரத்துல பாக்காமலே பாத்துக்கும் சார்."

மேசைகள் தட்டப்பட்டன. பிசியோ அம்மா, கடவுச்சொல் மறந்தவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் உயர்ந்த பொறுப்புக்கு மாற்றப்பட்டு என் பிரிவில் சேர்ந்தார். "கைத்தடி, வாக்கர் எல்லாம் தீந்துபோச்சு, வாங்கணும்" என்று ஸ்டோர்காரர் எழுந்தார். "அதான் எல்லாருக்கும் 'ஊன்றுகோல்' குடுத்தாச்சே" என்று அவரை உட்கார வைத்தோம்.

செயலி வெளியான அதே வாரம் என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். சமயமறிந்து உதவுவதில் அவர் எப்போதுமே அப்படித்தான்.

அப்பா நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எலும்பை ஸ்க்ரூ போட்டு இணைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலில் படுத்திருந்தவரிடம் டேப்லெட்டை நீட்டினேன்.

"இதாம்பா டேப்லெட்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

காலை எட்டு மணிக்குத் திரையில் ஐந்து முகங்கள் தோன்றும். முதல் முகம் சிரிக்கும். கடைசி முகம் அழும். சிரிக்கும் முகத்தை அழுத்தினால் "சபாஷ்!" என்று ஓர் இனிய குரல் வாழ்த்தும், அன்றைய வேலை முடிந்தது. அழும் முகத்தை அழுத்தினால் பதினேழு கேள்விகள் வரும். ஒன்பதாவது கேள்வி நானே எழுதியது: "உங்களால் எழுந்து நிற்க முடியவில்லையா? ஆம் எனில், எழுந்து நின்று கேமராவைப் பார்க்கவும்."

முதல் மூன்று நாளும் அப்பா அழும் முகத்தை அழுத்தினார். நான்காம் நாள் இயக்குநர் என்னை அழைத்தார்.

"உங்க வீட்டுலயே அழுகைன்னா வெளியே யார் சிரிப்பாங்க? பேசாம பிரிவை மூடிடலாமா?"

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, ஷூவைக் கழற்ற நேரமில்லாததால், அப்பாவின் அறை வாசலில் நின்றபடியே நிலைமையை விளக்கினேன்.

"நீங்க அழுதா என் பெர்சன்டேஜ் இறங்குதுப்பா. இறங்கினா வேலையே போயிடும்."

அப்பா டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "சரி, நீ கிளம்பு. நேரமாகுது" என்றார்.

அன்றிலிருந்து தினமும் சிரித்த முகம். மருந்தில்லை, ஊசியில்லை, ஒரே நாளில் வலி பறந்தது. அறிவியலின் மகிமையை வேறு எப்படிச் சொல்வது?

இடையில் ஒருநாள் கூப்பிட்டார்.

"டேய், உள்ள ஒரு ஸ்க்ரூ லூஸாயிருக்குடா. காலை நகத்துனா டக்குனு ஒரு சத்தம். இந்தச் சத்தத்தை நாப்பது வருஷமாக் கேட்டவன், எனக்குத் தெரியாதா?"

எழுபத்தாறு வயதில் ஒருவர் தாமாகவே ஸ்க்ரூ லூஸ் என்று ஒப்புக்கொள்ளும்போது மறுத்துப் பேசுவது மரியாதையல்ல. செயலியை மேலும் கீழும் தேடிப் பார்த்தேன்.

"'சத்தம்'னு ஒரு ஆப்ஷனே இல்லப்பா. அடுத்த வெர்ஷன்ல சேக்கச் சொல்றேன்."

"ஒரு எட்டு கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தா என்னங்க?" என்றாள் என் மனைவி.

"டெய்லி சிரிக்கிறவரை எந்தக் கணக்குலம்மா எக்ஸ்ரேக்கு அனுப்பறது?" என்று கேட்டேன்.

நாற்பத்தோரு நாள் இடைவிடாமல் சிரித்ததால், 'சிறந்த முன்னேற்றம் கண்ட நோயாளி' விருது அப்பாவுக்கே கிடைத்தது. சக்கர நாற்காலியில் வைத்து விழா அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மேடைக்கு ஆறு படிகள். ஏறுவதற்கு வேறு வழி கிடையாது. நன்றாக நடப்பவருக்கு விருது என்னும்போது வேறு வழி எதற்கு?

"ஐயா நடந்து வர்ற அழகைப் பாருங்க!" என்று மைக்கில் முழங்கினார் இயக்குநர்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். அரங்கமே கைதட்டியது. முதல் படியில் காலை வைத்தவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பின்வரிசையிலிருந்து பிசியோ அம்மா ஓடிவந்தார்.

"தட்டறதை நிறுத்துங்க! முதல்ல அவரைப் பிடிங்க!"

தோளில் தாங்கி உட்கார வைத்தார். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கால் குட்டையாயிடுச்சு. பாதம் வெளிப்பக்கமாத் திரும்பிக் கிடக்கு. எத்தனை நாளா இப்படி?"

கேட்டது என்னை. அதே வீட்டில், பக்கத்து அறையில் இருப்பவன் நான். எனக்குத் தெரிந்தது நாற்பத்தோரு சிரிப்புகள். அதைச் சொன்னேன்.

எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அன்றே இரண்டாவது அறுவை சிகிச்சை. இனி பிடிமானம் இல்லாமல் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவசரக் கூட்டம். "என்னைத் திரும்ப வீடுகளுக்கு அனுப்புங்க சார். இன்னும் எத்தனை பேர் இப்படிச் சிரிச்சிட்டு இருக்காங்களோ" என்றார் பிசியோ அம்மா. அது வேறொரு கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று தீர்மானமானது. நீண்ட விவாதத்துக்குப் பின் உண்மையும் கண்டறியப்பட்டது: செயலியில் பிழையில்லை, நோயாளி பொய்த்தகவல் அளித்திருக்கிறார். அவரிடம் விளக்கம் பெறும் பொறுப்பு பிரிவின் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

படிவத்தோடு வார்டுக்குப் போனேன். அப்பா கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏம்பா பொய்த்தகவல் குடுத்தீங்க? ஆபீஸ்ல கேக்கறாங்க."

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எழுதிக்கோ" என்றார். "என் பையன் உள்ள வராம வாசல்லயே நின்னு, சிரிங்கப்பான்னு கேட்டான். சிரிச்சேன்."

படிவத்தில் 'பொய்த்தகவலுக்கான காரணம்' என்ற இடத்தில் நான்கே பதில்கள்: மறதி, பார்வைக் குறைவு, அறியாமை, மூப்பு. 'மகன்' என்று ஒரு பதில் இல்லை. படிவத்தைத் தயாரித்தவன் நான்தான்.

'மூப்பு' என்று குறித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.