கெட்டிமேளத்துக்குப் பதில் கிடார்

கம்மியாகப் பேசுகிறவனை ஊர் புத்திசாலி என்று நினைக்கிறது. என்னையும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் மறுத்ததில்லை. (மறுக்கவும் பேச வேண்டுமே.) உண்மை வேறு. வாலிப வயதில் ஒரே ஒரு தடவை மனம் விட்டுப் பேசினேன். அக்கா கல்யாணத்தன்று, முகூர்த்த நேரத்தில். அதோடு போதும் என்று விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி. வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்துத் தெரு. அப்பா இல்லை. நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தாம்பரத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். ஒரு தடவை பொத்தேரி காலேஜ் பையன்கள் விழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போனேன். அவர்கள் ஒரு கேசட் போட்டார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் கிடார் வாசித்தார். எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. அவருடைய கேசட்டையெல்லாம் கேட்டு வாங்கிப் பதிவு செய்துகொண்டேன். பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. தலை நிறைய சுருட்டை முடி, அதனால் சுருட்டை என்று வைத்துக்கொண்டேன். ஆல்பத்தின் பெயரும் படிக்கத் தெரியாது. அட்டைப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிட்டேன். ஒன்று ரயில். ஒன்று ஏரி.

அக்காவுக்கு வரன் சுலபத்தில் அமையவில்லை. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்து மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர். அவருடைய அம்மாதான் சகுனம் பார்க்கிறவர். முதல் தடவை பெண் பார்க்க வரும்போது வழியில் வண்டி பஞ்சர் ஆனது. அப்படியே திரும்பிப் போய்விட்டார். (டயருக்கு என்ன தெரியும் எங்கள் அக்கா ஜாதகம்?) மறுபடி அவரை வரவழைப்பதற்குள் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில், பந்தல் போட்டு. அம்மா மேளக்காரருக்குச் சொல்லிவிடலாம் என்றார்.

"இன்னாத்துக்கு மேளம்? நாதஸ்வர கேசட்டு கீது. நான் பாத்துக்கறேன்."

"தாலி கட்ற நேரத்துல எதனா பண்ணி வெச்சிடாதடா."

"இன்னாம்மா நீ."

என் பேச்சு அவ்வளவுதான். அதை நம்பி அம்மாவும் விட்டுவிட்டார்.

அன்று காலை வேப்பமரத்தில் இரண்டு குழாய் கட்டினேன். பந்தல் ஓரத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்தேன். கெட்டிமேளம் வரும் இடத்தில் கேசட்டைச் சரியாக நிறுத்தி வைத்திருந்தேன். ஐயர் கை காட்டினால் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு குரங்குக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒழுங்காகச் செய்திருக்கும்.

மாப்பிள்ளையின் தம்பி பாபு அந்தப் பக்கம் வந்தான். காலேஜ் படிக்கிறவன். என் கேசட் பெட்டியைக் கிளறினான்.

"மச்சான், இது யாருது?"

"என்னுது."

"நீ இவரைக் கேப்பியா! சொல்லு, எந்த ஆல்பம் பெஸ்ட்டு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதற்காகவே பிறந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏரி."

அவன் அட்டையைப் பார்த்துச் சிரித்தான். "இதுவா? கிடார் ஆரம்பிக்கறதுக்குள்ள தூக்கம் வந்துடும் மச்சான். இந்த ரயில் இருக்கு பாரு, இதான் டாப்பு. முதல் செகண்டே அடிப்பான். இரு, போட்டுக் காட்டறேன்."

நாதஸ்வரத்தை எடுத்தான். ரயிலைப் போட்டான். நான் சத்தத்தைக் குறைத்தேன். இரண்டு பேரும் கொஞ்சம் கேட்டோம். ஆரம்பத்துக்கே ஓட்டி நிறுத்தினான்.

"எப்படி?"

"வேகம் கீது. இல்லன்னு சொல்லல" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஏரில பாரு, ஒரே ஒரு கம்பிய இழுப்பான். வுடவே மாட்டான். அது அப்படியே நின்னுகினு அழும். சொந்தக்காரன் செத்த மாதிரி கீது. நெஞ்ச அடைக்குது."

பன்னீர்த் தட்டோடு போன பெண்மணி நின்று என்னை முறைத்தார். (கல்யாண வீட்டில் சொல்கிற வார்த்தையா அது?)

"சாவு வீடு மாதிரி இருந்தா அது நல்ல ஆல்பமா?" என்றான் பாபு.

"ஆமா. சத்தம் யார் வேணா போடுவான். சும்மா இருக்கிறதுக்குத்தான் தில்லு வேணும்."

நானே அசந்துபோனேன். இவ்வளவு வார்த்தை எனக்குள் இருந்ததா? இன்னொன்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மேடையில் ஐயர், நிற்காமல் போகிற பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தத்தை முழுசாகத் திருகினேன். பட்டனை அழுத்தினேன்.

பாபு சொன்னது பொய்யில்லை. முதல் செகண்டே அடித்தான் சுருட்டை.

தகர ஷெட்டை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் இரண்டு குழாயிலும் கிளம்பியது. ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து போனது. சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். அட்சதையைப் பலர் பக்கத்து ஆள் மேல் போட்டார்கள். பாபு மட்டும் தலையாட்டினான். எனக்கு எந்தப் பட்டன் எது என்றே தெரியவில்லை. கடைசியில் ஒயரைப் பிடுங்கினேன். அதற்குள் தாலி ஏறிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"இன்னாயா இது? தாலி ஏறுற நேரத்துல பேய் கத்துது! அபசகுனம். இந்தப் பொண்ண நான் எப்படி வூட்டுக்கு இட்டுகினு போவேன்?"

அக்கா தலை நிமிரவில்லை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். பாபு என் பக்கத்தில் இல்லை. ஏரியில் விழலாமா என்று யோசித்தேன். (அந்த வருஷம் முழங்கால் அளவுதான் தண்ணீர்.)

ஐயர்தான் வாயைத் திறந்தார்.

"அம்மா, கெட்டிமேளம் எதுக்குக் கொட்டச் சொல்றோம்? கெட்ட சத்தம் எதுவும் காதுல விழப்படாதுன்னுதானே?"

"ஆமா சாமி."

"இப்போ உங்க காதுல ஏதாவது விழுந்துதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணும் விழல. இன்னும் குய்யுன்னுதான் கீது."

"அப்புறம் என்ன? மேளத்தைவிட நன்னாவே வேலை செஞ்சிருக்கு. உட்காருங்கோ. எனக்குப் பெருங்களத்தூர்ல இன்னொரு முகூர்த்தம் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அம்மா தூரத்திலிருந்து 'இரு, உன்னை வெச்சுக்கறேன்' என்று கண்ணால் சொன்னார். அடி வாங்கப் போகிறோம் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆடிக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய், யாராண்டயும் சொல்லாத. தாலி கட்றப்போ உங்க மாமா தும்முனாருடா. ஓமப் பொகை. என் மூஞ்சி மேலயே."

"நெசமாவா?"

"எங்க அத்த பக்கத்துலயேதான் குந்திகினு இருந்தாங்க. கேட்டிருந்தா எந்த ஐயர் வந்தும் உட்கார வெச்சிருக்க முடியாது. நல்லவேள, நீ ராத்திரியெல்லாம் போட்டு அழுவியே, அந்தக் கேசட்ட வெக்கல."

நினைத்துப் பார்த்தேன். ஏரி மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். மாமாவின் தும்மல் ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டிருக்கும். எனக்கு வியர்த்தது.

சில வருஷத்துக்குப் பிறகு மாமாவே வாய்தவறி உளறிவிட்டார். அதற்குள் அவர் அம்மா மடியில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் மகனை ஒரு தட்டு தட்டினார். சிரித்துவிட்டார். இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது தும்மினால் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "மாமா, ரயிலைப் போடு!" என்று கத்துவார்கள்.

பாபு மட்டும் இன்னும் விடவில்லை. எல்லோரும் சாப்பிட உட்காருகிற நேரமாகப் பார்த்துக் கேட்பான். "மச்சான், எந்த ஆல்பம் பெஸ்ட்டு?"

"ரயில்" என்பேன்.

ஏரியை, வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறேன்.