தேறிவிட்ட சாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். உங்கள் அத்தை இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் நலம். மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கணக்கெடுக்க ஆள் போதவில்லை என்று உங்கள் சாலைத் துறைப் படிவங்களை என்னிடம் கொடுத்தீர்கள். நூறு மீட்டருக்கு ஒரு தாள், எங்கள் சாலைக்குப் பத்துத் தாள். நூறிலிருந்து குழிக்கும் விரிசலுக்கும் கழிக்க வேண்டும். பத்தும் நாற்பதுக்குக் கீழே போனால் புதுத் தார், ஒன்று தேறினாலும் அடுத்த ஆண்டுதான். எளிய வேலைதானே என்று இறங்கினேன். முதல் குழியில் அளவுகோல் முழுதும் இறங்கியது, இரண்டாவதில் நானே இறங்கினேன், எழுந்து கூட்டிப் பார்த்தால் முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று எல்லாம் வாசற்படியில் வந்து நிற்கின்றன. விடைத்தாள் திருத்தியே பழகிய கை, சும்மா இருக்குமா? உதாரணத்துக்கு, ஒரு குழியை யாரோ செங்கல் போட்டு நிரப்பியிருந்தார்கள், முயற்சிக்கு மூன்று. நூலகத்தின் முன்னால் வெள்ளைக் கோடு நேராக இருந்தது, கையெழுத்துக்கு இரண்டு. பத்தும் தேறிவிட்டன.

புதுத் தார்ப் பட்டியல் எங்கள் சாலை இல்லாமல் வந்ததும் என் பழைய மாணவரான தையற்காரர் கடை வாசலில் மறித்துக்கொண்டார். “சார், இந்த ரோட்டுக்கு பாஸ் போட்டீங்களாமே! என்னை மட்டும் ஒரு மார்க்குல அஞ்சாவதுல உக்கார வெச்சீங்க!”

“அந்த வருத்தத்துலதாம்பா அப்புறம் யாரையுமே நிறுத்தல.”

என் சட்டைத் துணியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் அத்தை இடுப்பு வைத்தியத்துக்கு இதே சாலையில்தான் வாரம் மூன்று முறை போய்வருகிறாள். அங்கே குறைகிற வலி வழியிலேயே திரும்பிவிடுகிறது. நேற்று வாடகைக் கார் ஓட்டுநரிடம், “மெதுவாப் போங்க தம்பி, இது நல்லாப் படிச்ச ரோடு. எங்க வீட்டுக்காரர் போட்ட மார்க்கு” என்றாள். பிறகு என்னிடம், “இந்த ரோடு ஃபெயிலாகுற வரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க.”

மறுகணக்கெடுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி என்றீர்கள். ஈவிரக்கமில்லாமல் திருத்திய பத்துத் தாள்களும் இத்துடன் இருக்கின்றன. பத்தும் தோல்வி. எப்படியாவது பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

நீங்களும் மகளும் குலுங்காமல் கொள்ளாமல் நெடுநாள் வாழ ஆசிகள்.

அன்புடன்,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒருமுறை சரிபார்த்தேன். தையற்கடை வாசல் தாளுக்கு முப்பத்தொன்பது வந்திருக்கிறது. ஒரே ஒரு மதிப்பெண், மாப்பிள்ளை! அந்த ஆளை இன்னொரு முறை எப்படி நிறுத்துவேன்? நாற்பதாக்கிவிட்டேன். அத்தைக்குத் தெரிய வேண்டாம்.